கூரையை எண்ணாதே, அடுப்பை எண்ணு!

பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது புருஷன் பேர் ஒன்று, பெண்டாட்டி பேர் ஒன்று. செக்ரோலில் அவனுக்கு ஒரு வரி, அவளுக்கு ஒரு வரி. அவன் வெட்டிய மரத்துக்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது. அவள் படுத்துவிட்ட நாளுக்கு அவன் சம்பளத்தில் பிடிப்பதும் கிடையாது. வேலை வாங்குகிறபோது இந்த உலகம் இருவரையும் இரண்டு ஆளாகத்தான் எண்ணி வந்திருக்கிறது. ஆனால் அதே பெண்டாட்டி, வயிறு காய்ந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் உதவிக் கவுண்டர் முன்னால் போய் நிற்கட்டும். அந்த நிமிஷமே அவள் ஆள் அல்ல. புருஷன் வீட்டில் அடங்கிய ஒரு சாமான்! மலாயில் 'ஈசி ரூமா' என்பார்கள். வீட்டின் உள்ளே இருப்பது என்று பொருள். அரிசி மூட்டையும் வீட்டின் உள்ளேதான் இருக்கிறது, அலமாரியும் உள்ளேதான் இருக்கிறது. அவற்றோடு அவளும் ஒன்று.

சகோதரத் தொழிலாளர்களே! இது எங்கோ நடக்கிற கதை அல்ல. மாசாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், நம்மோடு பால் வெட்டிய ஒரு சகோதரியின் கதை. பெயரைச் சொல்லமாட்டோம், சொல்லும்படி அவரும் கேட்கவில்லை.

லயத்தில் கடைசி வீடு. முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, குசினி ஒன்று. முன்னறையில் புருஷன். பின்னறையில் அவரும் மூன்று பிள்ளைகளும். நடுவே கதவு கிடையாது. பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருக்கிறார். குசினியில் அவருடைய அடுப்பு. அஞ்சடியில், மழைக்குத் தகரம் சாய்த்து, அவனுடைய அடுப்பு. அதுவும் பாதி நாள் எரிவதில்லை, கடையில் தின்றுவிட்டு வருகிறான். இருவரும் பேசி நாலு வருஷம் ஆகிறது. அவன் சம்பளத்தில் ஒரு காசு இந்தப் பக்கம் வந்ததில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வேண்டுமென்றால் திரைக்கு இந்தப் பக்கம்தான் கேட்கும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்: மண்டோருக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியும், கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவர் இரண்டு புத்தகத்தில் கடன் எழுதுகிறார்.

தெரியாதது ஒரே ஓர் இடத்துக்கு. கிளைக் காரியமாக அந்தச் சகோதரியோடு ஓர் உதவி அலுவலகத்துக்குப் போயிருந்தோம். கவுண்டரில் இருந்த அம்மாள் கெட்டவர் அல்லர். மரியாதையாகத்தான் கேட்டார்: "சுவாமி அடா?" புருஷன் இருக்கிறாரா என்று அர்த்தம். நம் சகோதரி ஒரு கணம் விழித்தார். பிறகு, "அடா" என்றார். இருக்கிறானே! அடுத்த கேள்வி, "சத்து ரூமா?" ஒரே வீடா? அதற்கும் "யா" என்றார். பொய் சொல்லத் தெரியாத பிறவி. பாரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, இல்லைன்னு சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமா?" என்று கேட்டார். கிடைத்திருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்!

"பிடிக்கவில்லை என்றால் வெளியே போகவேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நம்மிலேயே கேட்கிறார்கள். எங்கே போவது? தோட்டத்து வீடு என்பது வாடகைக்குப் பிடித்த வீடு அல்ல. வேலையோடு ஒட்டி வருகிற வீடு. யார் பேரில் வேலையோ அவர் பேரில் வீடு. இந்தச் சகோதரிக்கு முழங்கால் போய், பால் காண்டா தூக்க முடியாமல் வேலையை விட்ட அன்றைக்கே அந்தக் கூரையின் மேல் அவருக்கு இருந்த பிடி போய்விட்டது. அவன் பேரால்தான் இன்று அங்கே இருக்கிறார். 1966-இல் ஒரு சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 1990-இல் இன்னொன்று வந்தது. தோட்டத் தொழிலாளியின் வீடு எப்படி இருக்கவேண்டும், தண்ணீர் எப்படி வரவேண்டும் என்றெல்லாம் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். நல்லதே. ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு குடித்தனம் இரண்டாகிப் போனால் என்ன செய்வதென்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தோட்டத்தை விட்டு வெளியே என்ன இருக்கிறது? மாசாயைச் சுற்றி ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் கித்தா மரம். பிறகு செம்பனை வந்தது. பாசிர் கூடாங்கில் 1977-இல் துறைமுகம் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன, மரம் நின்ற இடமெல்லாம் தாமான் ஆயிற்று, அடுக்கு வீடு ஆயிற்று. பால் வெட்டினவன் பிள்ளை அங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்கிறான். அந்த அடுக்கு வீட்டிலும் இதே கதைதான். முன்பணம் கட்ட வழியில்லாதவள், வாடகைச் சீட்டில் பேர் இல்லாதவள், திரை கட்டிக்கொண்டு ஒரே கதவுக்குள் இருக்கிறாள். கூரை அவள் தேர்ந்தெடுத்தது அல்ல. கூரைப் பஞ்சம் அவளுக்காகத் தேர்ந்தெடுத்தது.

அடிக்கிற புருஷனாக இருந்தால் 1994-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. வீடு அவன் பேரிலேயே இருந்தாலும், அவனை வெளியே நிறுத்திவிட்டு அவளும் பிள்ளைகளும் அங்கே இருக்கக் கோர்ட்டு உத்தரவு கொடுக்க முடியும். இதைப் பல பேர் அறியமாட்டார்கள், அறிந்துகொள்ளுங்கள். ஆனால் எல்லாப் பிரிவும் அடியில் பிறப்பதில்லை. இவன் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கொடுக்காமல் இருக்கிறான், அவ்வளவே. கொடுக்காமல் இருப்பதற்கு ரத்தம் வராது; போலீசில் காட்ட ஒன்றுமில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். கிராணிமார்கள் கொஞ்சம் பென்சிலை எடுத்துக்கொள்ளவேண்டும்.

2022-ஆம் ஆண்டில் இந்நாட்டின் வறுமைக் கோடு மாதம் 2,589 வெள்ளி. அது நாடு முழுமைக்குமான சராசரி. குடும்பத்தின் அளவுக்கும் இருக்கிற இடத்துக்கும் தக்கபடி மாறும். சாப்பாட்டுக்கு மட்டும் வேண்டியதாகக் கணக்கிட்ட கோடு 1,198 வெள்ளி. முதல் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஏழை. இரண்டாவதற்கும் கீழே போனால் கடும் ஏழை. ஈ-காசே என்ற ஏழைகள் பதிவேட்டில் ஆள் ஏறுவதும் இறங்குவதும் இந்தக் கோடுகளை வைத்துத்தான். அதே 2022 மே மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு அந்த 1,500 வருகிறது என்று வையுங்கள். இந்தப் பக்கம் இருக்கிறவர் பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவி, சாயங்காலத்தில் தாமானில் இரண்டு வீடு கூட்டி 1,100 சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். கூரையை எண்ணினால் 2,600 வெள்ளி. வறுமைக் கோட்டுக்கு மேலே பதினோரு வெள்ளி! ஆகவே அங்கே ஏழையே இல்லை. பாரத்தை மடித்துக் கொடுத்துவிடலாம். அடுப்பை எண்ணினால்? ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும், நாலு வயிறு, 1,100 வெள்ளி. சாப்பாட்டுக் கோட்டுக்கே 98 வெள்ளி குறைவு. கடும் ஏழை!

ஒரே வீடு, ஒரே மாதம், ஒரே சம்பளச் சீட்டுகள். எதை எண்ணுகிறாய் என்பதைப் பொறுத்து அவர் ஏழையே இல்லை, அல்லது ஏழையிலும் கடையேழை. ஒரு மனுஷியின் வயிற்றை ஒரு சேலைத் திரையின் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதில் இவ்வளவு இருக்கிறது.

சரி, எதை எண்ணவேண்டும் என்று சர்க்காருக்கே தெரியாதா? தெரியும்! இதுதான் நமக்கு ஆத்திரத்தை ஊட்டுவது. புள்ளிவிவர இலாகா கணக்கெடுக்க வருகிறபோது 'ஈசி ரூமா' என்பதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, உணவுக்கும் மற்ற அவசியங்களுக்கும் பொதுவாக ஏற்பாடு செய்துகொள்கிறவர்கள் ஒரு குடும்பம். பொதுவாக ஏற்பாடு செய்துகொள்கிறவர்கள்! கூரை மட்டும் போதாது. உலை ஒன்றாக இருக்கவேண்டும். வறுமைக் கோட்டைப் போட்டதும் இதே இலாகாதான். கோட்டைப் போடும்போது அடுப்பைப் பார்த்தார்கள். அந்தக் கோடு கவுண்டருக்கு வந்து சேர்வதற்குள் அடுப்பு அணைந்து கூரை மட்டும் நிற்கிறது.

நம் பாட்டன் பாட்டிக்குக்கூட இது தெரிந்த விஷயம். அண்ணன் தம்பி ஒரே லயத்து வீட்டில் இருப்பார்கள். கொழுந்திமார் சண்டை வந்ததும் "உலை வேறே வைச்சுட்டாங்க" என்பார்கள். அவ்வளவுதான், குடும்பம் இரண்டு. அப்புறம் மொய் எழுதினால் இரண்டு மொய், கோயில் வரி இரண்டு வரி. சுவரை இடித்தா கட்டினார்கள்? யாரும் வந்து கூரையை அளந்து பார்த்து, "நீங்கள் ஒன்றுதான்" என்று சொன்னது கிடையாது.

இன்னொன்றும் கிராணிமார்களுக்கு நன்றாகத் தெரியும். வருமான வரியில் 1991-ஆம் ஆண்டு முதல் மனைவியின் வருமானம் தனிக்கணக்கு. அவர்களாக விரும்பிச் சேர்த்துக்கொண்டால் ஒழிய, புருஷன் சம்பளத்தோடு சேர்ப்பதில்லை. மிகவும் சரி. ஆனால் யாருக்கு அந்த நியாயம்? வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிற வீட்டு அம்மாளுக்கு. அவள் புருஷனோடு ஒரே மேஜையில் ஒரே தட்டுக் கறியைப் பகிர்ந்து சாப்பிட்டாலும் தனி ஆள். நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் திரைக்குப் பின்னால் கஞ்சி காய்ச்சுகிறவள் மட்டும் தனி ஆள் அல்ல. பணம் வாங்கும்போது ஒரு தராசு, கொடுக்கும்போது ஒரு தராசு என்று செட்டியார் கடையைத்தான் கேலி செய்வோம்!

சட்டத்தைப் பாருங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் காப்பாற்றாத புருஷன் மேல் ஜீவனாம்சம் கேட்க 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வந்து, இன்றும் நடப்பில் உள்ளது. கோர்ட்டு மாதாமாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவு போடலாம். ஆனால் அதில் ஒரு கொக்கி உண்டு: தக்க காரணமில்லாமல் புருஷனோடு வாழ மறுக்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை. தக்க காரணம் இருந்தால் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் காரணத்தைக் காட்டுகிற பாரம் யார் தலையில் வந்து விழும்? வக்கீல் வைக்க வழியில்லாதவள் தலையில். ஆகவே அனுபவசாலிகள் அவளுக்குச் சொல்கிற புத்தி: "வீட்டை விட்டு மட்டும் போகாதே அம்மா, போனால் உன் பேரில் குற்றம் வரும்." அந்தப் புத்தியைக் கேட்டு அவள் இருந்துவிட்டால், உதவிக் கவுண்டர் சொல்கிறது: "ஒரே வீட்டில் இருக்கிறாய், உனக்கு ஒன்றும் இல்லை." போனால் கோர்ட்டில் சந்தேகம், இருந்தால் கவுண்டரில் பட்டினி. எலிப் பொறிக்குக்கூட ஒரு வாசல் இருக்கும்.

மலாய்க்காரச் சகோதரர்களிடையே இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஒரு சொல் வழங்குகிறது: 'கந்துங் தா பெர்தாலி.' கயிறில்லாமல் தொங்குகிறவள். விவாகமும் இல்லை, விவாகரத்தும் இல்லை. மலாயில் 'தாலி' என்றால் கயிறு. நம்முடைய பெண் கயிறில்லாமல் தொங்கவில்லை, தாலியிலேயேதான் தொங்குகிறாள்!

"அப்படியானால் விவாகரத்து வாங்கிக்கொள்ளட்டும்." இதுவும் சுலபமாக வாயில் வருகிற யோசனை. முஸ்லிம் அல்லாதாருக்கு 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம். அது நடப்புக்கு வந்தது 1982 மார்ச்சு 1-ஆம் தேதி. இருவரும் சம்மதித்தால் சேர்ந்து மனுச் செய்யலாம். ஒருவர் சம்மதிக்காவிட்டால் முதலில் சமரசக் குழுவின் முன்னால் போயாகவேண்டும். சில பேருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு: புருஷன் விட்டுவிட்டுப் போய் இருக்குமிடம் தெரியாதவளுக்கு விலக்கு. நம் சகோதரிக்கு அந்த விலக்கும் கிடையாது. அவன் இருக்குமிடம் நன்றாகத் தெரியும்: சேலைக்கு அந்தப் பக்கம், ஏழடி தூரத்தில், குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு ஆண்டு தொடர்ந்து பிரிந்து வாழ்ந்தார்கள் என்பதையும் கோர்ட்டு ஒரு காரணமாகப் பார்க்கும். ஆனால் ஒரே முகவரி போட்ட இரண்டு அடையாளக் கார்டை நீட்டிப் பிரிவை எப்படி நிரூபிப்பது?

விவாகரத்து என்பது சும்மா வருகிற காகிதமும் அல்ல. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-இல் வந்தது. தொழிலாளி வேலையில் விபத்துப்பட்டுச் செத்தால் சார்ந்தோர் உதவியில் விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. விவாகரத்து வாங்கினவள் விதவை ஆகமாட்டாள். அதாவது, இன்றைக்கு ஒரு மூட்டை அரிசிக்காக அந்தக் காகிதத்தை வாங்கினால், நாளைக்கு அவன் லோரியிலிருந்து விழுந்து செத்தால் அந்த மூன்று பங்கையும் இழக்கிறாள். இருபது வருஷம் அவனுக்குச் சோறாக்கிப் போட்டதற்கு மிஞ்சியிருந்த ஒரே பாத்தியதை அது. அவன் உயிரோடு இருந்து கொடுக்காதபோது 'நீங்கள் ஒரே குடும்பம்' என்கிறவர்கள், உதவி வேண்டுமானால் அந்தக் குடும்பத்தை அறுத்துக்கொண்டு வா என்கிறார்கள். இதைவிட நல்ல யோசனை தோன்றவில்லையா?

பெருநோய்க் காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2020 மார்ச்சு மாதக் கடைசியில் அரசாங்கம் 'பந்துவான் பிரிஹாத்தின்' என்று உதவி அறிவித்தது. மாதம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பத்துக்கு 1,600 வெள்ளி. மாதம் 2,000 வெள்ளிக்கு உட்பட்ட தனியாளுக்குத் தலைக்கு அதில் பாதி, 800. ஏப்ரலில் ஆயிரம், மே மாதத்தில் அறுநூறு என்று குடும்பப் பணம் வந்தது. நல்ல காரியம், பல வீட்டில் அடுப்பெரிந்தது. ஆனால் குடும்பத்துக்கு ஒரு பணம் என்றால் அது ஒரு கணக்கில்தானே விழும்? திரை கட்டிய வீடுகளில் அது அந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தது. கல்யாணமே ஆகாத இளவட்டத்துக்கு அவன் பேரில் 800. மூன்று பிள்ளை வைத்திருக்கிறவளுக்கு அவள் பேரில் ஒன்றும் இல்லை. அதற்குப் பின் வந்த 'ரஹ்மா' ரொக்க உதவியிலும் வகுப்பு பிரித்ததைப் பாருங்கள்: குடும்பம், துணையில்லாத முதியவர், தனியாள். கல்யாணமாகி, புருஷன் இருந்தும் இல்லாதவளுக்கு எந்தப் பெட்டி?

வேறு நாட்டில் இந்தச் சிக்கல் இல்லையா, அங்கே எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்ப்பதில் தப்பில்லை. இங்கிலாந்தில் 1948-இல் ஹோப்ஸ் என்ற தம்பதியின் வழக்கு வந்தது. மனைவி படுக்கையை மாற்றிக்கொண்டார், புருஷன் துணியைத் துவைப்பதில்லை. ஆனால் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். நீதிபதிகள் 'இது இன்னும் ஒரே குடித்தனம்' என்றார்கள். சில வருஷம் கழித்து 1952-இல் வாக்கர் என்பவர்களின் வழக்கு: மனைவி தன் அறையைப் பூட்டிக்கொண்டு, தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டு, பேசவேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்தார். அதே கோர்ட்டு, 'ஒரே கூரைதான். ஆனால் குடித்தனம் இரண்டு' என்றது. பார்த்தீர்களா! அந்தக் காலத்து வெள்ளைக்கார ஜட்ஜும் கடைசியில் வந்து நின்றது அடுப்பங்கரையில்தான்.

ஆஸ்திரேலியாவில் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1975-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் சொல்கிறது: ஒரே வீட்டில் தொடர்ந்து இருந்தாலும், ஒருவர் மற்றவருக்கு வீட்டு வேலை கொஞ்சம் செய்து கொடுத்தாலும்கூட, அவர்கள் பிரிந்து வாழ்வதாகக் கொள்ளலாம். உதவிப் பணத்துக்கான 1991-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறது: பணத்தை எப்படி வைத்திருக்கிறார்கள், குடித்தனம் எப்படி, ஊருக்கு முன் எப்படி நடந்துகொள்கிறார்கள், தாம்பத்திய உறவு உண்டா, ஒருவர் மேல் ஒருவருக்குப் பிடிப்பு எவ்வளவு. இதிலும் இடைஞ்சல் இருக்கிறது. ஓர் உத்தியோகஸ்தர் ஒரு பெண்ணிடம் நாலாவது கேள்வியைக் கேட்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். நமக்கு அது வேண்டாம். மற்ற நாலும் கேட்டால் போதும், உண்மை வெளியே வந்துவிடும்.

தாய்த்தமிழகத்தில் புருஷன் கைவிட்ட பெண்களுக்கு 1986 முதல் ஓய்வூதியம் கொடுக்கிறார்கள். முப்பது வயது ஆகியிருக்கவேண்டும்; விவாகரத்து ஆகியிருக்கவேண்டும், அல்லது கோர்ட்டின் பிரிவுச் சான்று வேண்டும், அல்லது ஐந்து வருஷம் கைவிடப்பட்டவளாக இருக்கவேண்டும். ஐந்து வருஷம்! அதற்குள் கைப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுமே. அங்கேயே 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கினார்கள். அதற்கும் நிபந்தனைகள் உண்டு, குடும்ப அட்டைக்கு ஒருத்திதான்; ஆனால் ஒரு காரியம் சரியாகச் செய்தார்கள். குடும்பத் தலைவி என்று பெண்ணை எழுதி, பணத்தை அவளுடைய கணக்கிலேயே போட்டார்கள். புருஷன் திரைக்கு எந்தப் பக்கம் படுத்தாலும் அந்த ஆயிரம் அவன் கைக்குப் போகாது.

இனி, எதிர்ப் பேச்சு. "இப்படித் திறந்துவிட்டால் எல்லாப் பெண்டாட்டியும் திரை கட்டிக்கொண்டு வந்து நிற்பாள், கள்ளக் கணக்கு பெருகிவிடும்" என்கிறார்கள். பெருகாது என்று நாம் சத்தியம் செய்யவில்லை. நம்மிடையே யோக்கியர் மட்டும்தான் பிறக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் இன்றைய வழக்கம் கள்ளத்தைத் தடுக்கிறதா? கெட்டிக்காரி 'புருஷன் ஓடிப்போய்விட்டான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். 'இருக்கிறான்' என்று நிஜத்தைச் சொன்னவள் வெறுங்கையோடு திரும்புகிறாள். கள்ளத்துக்குப் பரிசும் உண்மைக்குத் தண்டனையும் கொடுக்கிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு கள்ளத்தைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கை. நிஜமாகச் சோதிக்க விரும்பினால் சோதனைக்கா பஞ்சம்? லயத்தில் ரகசியம் என்று ஒன்று உண்டா? அடுத்த வீட்டில் தாளிக்கிற கடுகுக்கு இந்த வீட்டில் தும்முகிறோம்!

இதில் நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடவேண்டும். 1954-இல் சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகி ஒரே தேசியச் சங்கம் கண்டதிலிருந்து, சம்பளத்துக்குப் பேசினோம், மரக் கணக்குக்குப் பேசினோம், மழை நாளுக்குப் பேசினோம். இந்தத் திரையைப் பற்றிப் பேசினோமா? "அது புருஷன் பெண்டாட்டி விவகாரம்" என்று ஒதுங்கிக்கொண்டோம். கிளைக் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்தபோது சிரித்தவர்கள் உண்டு. ஒருவர், "அவரு மெம்பரு, அந்தம்மா மெம்பர் இல்லே" என்று சட்டம் பேசினார். முழங்கால் போகும்வரை இருபத்திரண்டு வருஷம் சந்தா கட்டினவர் அந்த அம்மாள். எதிர்ப் பக்கத்திலும் சிலர் உண்டு என்பதை மறுக்கவில்லை: பெண்டாட்டி கைவிட்டு, படுத்த படுக்கையாக முன்னறையில் கிடக்கிற ஆண் மெம்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கவுண்டரில் இதே பதில்தான். அடுப்பை எண்ணுங்கள் என்று கேட்பது அவர்களுக்காகவும்தான்.

சமூகநல இலாகா இந்நாட்டில் 1946-இல் தோன்றியது, யுத்தத்தில் சிதறிப்போன குடும்பங்களின் கஷ்டத்தைப் பார்த்த காலத்தில். சிதறின குடும்பம் என்றால் என்னவென்று அதற்குப் புதிதாகப் பாடம் சொல்லவேண்டியதில்லை. நாம் கேட்பது பெரிய புதுச் சட்டம் அல்ல. பாரத்தில் 'கல்யாணம் ஆனவர், ஆகாதவர், விதவை, விவாகரத்து' என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் 'ஒரே வீட்டில் பிரிந்து வாழ்பவர்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதில் கோடு போட்டவளிடம், புள்ளிவிவர இலாகா கேட்கிற கேள்வியைக் கேளுங்கள்: சாப்பாடு ஒன்றா, வேறா? வேறு என்றால் அவளுடைய சம்பளத்தை மட்டும் எண்ணுங்கள். பிள்ளைகளுக்கு உள்ள உதவியை அவள் கணக்கில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை அனுப்பிப் பாருங்கள், நாம் டீ கொடுத்து உட்காரவைக்கிறோம். தோட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இது: புருஷனும் மனைவியும் இருவருமே தோட்டத்து வேலையில் இருந்தால் வீட்டுச் சீட்டில் இரண்டு பேரையும் எழுது, இத்தனை வருஷம் வேலை செய்து உடம்பு கெட்டுப் போனவளை அவன் பேரைச் சொல்லித்தான் குடியிருக்கவேண்டும் என்று வைக்காதே.

அதுவரை நாமே செய்யக்கூடியதும் உண்டு. இந்த இடத்தில் கிராணிமார்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பெண் வந்து கடிதம் கேட்டால், "இன்னாருடைய மனைவி, இந்த வீட்டில் வசிக்கிறார்" என்று ஒற்றை வரி எழுதி முத்திரை குத்தித் தராதீர்கள். அந்த ஒற்றை வரிதான் அவருக்குத் தூக்குக்கயிறு. எந்த வருஷத்திலிருந்து தனிச் சமையல், கடைக் கடன் யார் யார் பேரில் எழுதப்படுகிறது, பிள்ளைகளின் பள்ளிச் செலவு யார் கட்டுகிறார், புருஷன் சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகிறது, இதில் நீங்கள் நேரில் அறிந்த மட்டும் எழுதுங்கள், அறியாததை எழுதவேண்டாம். அந்தப் பெண் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப்பிரமாணப் பத்திரம் ஒன்று எழுதி, சத்தியப்பிரமாண ஆணையரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பொய் எழுதினால் தண்டனை உண்டு. ஆகவே அந்தக் காகிதத்துக்கு மரியாதை உண்டு. ஜீவனாம்சத்துக்கு மனுப் போட்டிருந்தால் அதன் நகல், சமரசக் குழுவுக்குப் போயிருந்தால் அதன் சீட்டு, கடைக்காரரின் இரண்டு புத்தகம். வக்கீலுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவுக்குப் போகலாம். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்பட்ட வசதி அது. கிளைக் காரியதரிசிகள் இவற்றை ஒரு கோப்பாகக் கட்டி, கூடவே போங்கள். தனியாகப் போகிறவளுக்குத்தான் பாரத்தை மடித்துக் கொடுக்கிறார்கள். நாலு பேர் பின்னால் நின்றால் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நம் சகோதரிக்கும் அப்படி ஒரு கோப்புக் கட்டிக்கொண்டு இரண்டாம் முறை போனோம். இந்தத் தடவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரித்து முடிவு சொல்ல அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும்போது மறக்காமல் புருஷனையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.